கமிஷன் கணக்கு கண்ட்ரோலரிலா, மாடலிலா?

காவேரிப்பட்டணத்தான்:
கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்காக லாராவெலில் (பி.எச்.பி. மொழியில் வலைச்செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதப்பட்ட செயலியைப் பராமரித்து வருகிறேன். லோடு வந்ததும் மொத்த எடை, காலி வண்டி எடை, கழிவு, ரகம் ஆகியவற்றைக் குமாஸ்தா பதிவார். கமிஷனும் இறக்குக்கூலியும் போக விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை சீட்டில் அச்சாகும். இந்தக் கணக்கு முழுவதும் சீட்டைச் சேமிக்கும் கண்ட்ரோலருக்குள், அதாவது பயனர் அனுப்புவதை வாங்கிக் கையாளும் பகுதிக்குள், இருக்கிறது. இப்போது எடைமேடையின் எக்செல் கோப்பிலிருந்தும் லோடுகளை ஏற்ற வேண்டும் என்கிறார் மண்டிக்காரர். மாடல் என்பது டேட்டாபேஸிலுள்ள டேபிளின் பிரதி மட்டுமே, அதில் கணக்கு எழுதக் கூடாது என்கிறார் உடன் பணிபுரிபவர். எது முறை? பைசாவை முழு ரூபாயாக்குவது பிளேடு கோப்பின் (திரையில் தெரிவதை வடிவமைக்கும் லாராவெல் கோப்பு) வேலைதானா?

ஓசூர் நிரலாளர்:
உங்கள் நண்பர் சொல்வது பரவலான கருத்து, ஆனால் சரியன்று. நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காவ் 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மாடல், வியூ (திரையில் காட்டும் பகுதி), கண்ட்ரோலர் என்ற இந்தப் பிரிவினையை எழுதி வைத்தபோது, மாடல் என்பது அறிவைக் குறிக்கிறது என்றே வரையறுத்தார். டேபிளைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. கழிவு எப்படிப் பிடிக்கப்படுகிறது, பெங்களூரா ரக மாங்காய்க்கு என்ன விலை, கமிஷன் எந்தத் தொகையின்மேல் என்பவைதாம் மண்டியின் அறிவு.

எக்செல் கோப்பு வழியாக வரும் லோடு உங்கள் கண்ட்ரோலரைத் தொடுவதே இல்லை. கணக்கு அங்கேயே இருந்தால் இன்னொரு முறை எழுத வேண்டும். விலை முறை மாறும் நாளில் ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டுவிட்டால், ஒரே எடைக்கு இரண்டு விவசாயிகளுக்கு இரண்டு தொகை போகும். கண்ட்ரோலர் ரிக்வெஸ்டை (பயனரிடமிருந்து வரும் கோரிக்கையை) வாங்கி, மாடலிடம் ஒப்படைத்து, எந்த வியூவைக் காட்டுவது என்று முடிவு செய்தால் போதும்.

பர்கூர் ஆசிரியை:
முழு ரூபாயாக்குவதை பிளேடில் வைக்கவே வைக்காதீர்கள். 1,235 கிலோ, கிலோ 18.50 ரூபாய் என்றால் தொகை 22,847.50. அதே எடையில் இரண்டு சீட்டு இருந்தால் திரையில் ஒவ்வொன்றும் 22,848 என்று தெரியும். கூட்டுத்தொகை மட்டும் டேட்டாபேஸிலிருந்து 45,695 என்று வரும். கையால் கூட்டிப் பார்க்கும் விவசாயிக்கு 45,696 வருகிறது. ஒரு ரூபாய்தானே என்று விடக்கூடாது, சீட்டின்மேல் அவருக்குள்ள நம்பிக்கை அதில் போய்விடும். எவ்வளவு கொடுப்பது என்பது மாடலின் முடிவு. எங்கே காற்புள்ளி வைத்துக் காட்டுவது என்பது மட்டுமே வியூவின் வேலை.

கமிஷன் விகிதத்தையும் சீட்டோடு சேர்த்துச் சேமியுங்கள். அச்சிடும்போது இன்றைய விகிதத்தை எடுத்துக் கணக்கிட்டால், போன சீசன் சீட்டை மறுபடி அச்சடிக்கையில் தொகை மாறிவிடும்.

இன்னொன்று: பிளேடின் லூப்புக்குள் ஒவ்வொரு சீட்டுக்கும் விவசாயியின் பெயரைக் கேட்டால், 200 சீட்டுக்கு 201 முறை (பட்டியலுக்கு ஒன்று, பெயர்களுக்கு 200) டேட்டாபேஸுக்குப் போய்வர நேரும். வியூவுக்கு அனுப்புவதற்கு முன்பே பெயர்களையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். இப்படிக் கேட்கும்போது மட்டும் ஒவ்வொன்றாக எடுக்கும் லேசி லோடிங்கைத் தடுக்கும் வசதி லாராவெலிலேயே உண்டு.

காவேரிப்பட்டணத்தான்:
நன்றி அம்மா, நன்றி ஐயா. ஆனால் எல்லாவற்றையும் சீட்டு மாடலிலேயே கொட்டினால் அது பெருத்துவிடாதா? சரிபார்ப்புகளும் அங்கேயேதானா?

ஓசூர் நிரலாளர்:
கணக்கை ரிக்வெஸ்டும் எச்.டி.எம்.எல்லும் தெரியாத தனி கிளாஸாக எழுதுங்கள். அதுவும் மாடல் அடுக்கைச் சேர்ந்ததுதான், டேபிள் இல்லை என்பதால் வேறாகிவிடாது. எண்ணுக்குப் பதில் எழுத்து வந்திருக்கிறதா என்பதை உள்ளே நுழையும் இடத்திலேயே பார்க்கலாம். காலி வண்டி எடை மொத்த எடையை மிஞ்சக் கூடாது என்பது மண்டியின் விதி. எக்செலுக்கும் அது பொருந்தும் என்பதால் மாடலில் இருக்கட்டும்.

மாற்றத்தைத் தொடங்கும் முன், போன சீசனின் சீட்டுகள் சிலவற்றை எடுத்து, அதே எடைக்கும் விலைக்கும் புதிய கிளாஸ் அதே தொகையைத் தருகிறதா என்று டெஸ்ட் எழுதிவிடுங்கள். கழிவு அதிகமாகப் பிடித்த சீட்டும், பைசா 50இல் முடியும் சீட்டும் அவற்றில் கட்டாயம் இருக்க வேண்டும். அவை தேறிய பிறகு கண்ட்ரோலரிலுள்ள பழைய வரிகளை நீக்குங்கள்.