மெக்கானிக்கல் படித்துக்கொண்டே சுற்றுச்சூழல் மைனர் எடுக்கலாமா?

வேதாரண்யம்_மெக்:
அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டம்), மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். மைனர் டிகிரிக்கு, அதாவது மெயின் டிகிரியோடு கூடுதலாகப் படிக்கும் வேறு துறைக்கு, ‘சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும்’ எடுக்கலாமா என்று யோசனை. 18 கிரெடிட் கூடுதல், அதாவது ஆறு பேப்பர். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் பிசினஸ் டேட்டா அனலிடிக்ஸ் பக்கம் போகிறார்கள்.

எனக்கு இதில் ஆசை வந்தது வீட்டு போர்வெல்லால். 2018 கஜா புயலில் தென்னை போச்சு. இப்போது போர்வெல் தண்ணீரில் டீ போட்டால் திரிந்துவிடுகிறது. இறால் குட்டைதான் காரணம் என்கிறார் அப்பா. கடல் உள்ளே வந்துவிட்டது என்கிறார் மாமா. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

கோர்_கம்பெனி:
இன்டர்வியூவில் மைனரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆறு பேப்பர் அரியர் ஆகாமல் பார்த்துக்கொள்.

ட்ரிபிள்ஈ_அக்கா:
தம்பி, நான் ட்ரிபிள்ஈ (எலெக்ட்ரிக்கல்), இதே மைனர் முடித்தேன். இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் இருக்கிறேன். வேலை வாங்கித் தந்தது மைனர் இல்லை, பைனல் இயர் பிராஜெக்ட். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டியலில் எட்டு பேப்பர் இருக்கும், அதில் ஆறு எடுக்க வேண்டும். எனர்ஜி சம்பந்தமானவை உன் டிபார்ட்மென்ட்டுக்குப் பக்கத்து வீடு, சுலபமாகப் போகும். ‘சுற்றுச்சூழல் தரக் கண்காணிப்பு’ பேப்பரை மட்டும் விட்டுவிடாதே. பிஓடி (தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) சோதனை என்றால் 20 டிகிரியில் ஐந்து நாள் என்று மனப்பாடம் செய்திருப்போம். லேபுக்கு வந்தால் நம் ஊர் முறை 27 டிகிரி, மூன்று நாள். அன்றைக்கு நான் முழித்த முழி!

உன் அப்பா, மாமா சண்டைக்கு வருவோம். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அந்த ஒரு மீட்டரை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால் உப்பு மேலே ஏறிவிடும். நீ படிக்கும் அதே பம்ப்தான் குற்றவாளி! மாமா சொல்வது இது. குட்டையில் தேக்கும் உவர்நீர் மேலிருந்து மண்ணில் இறங்குவது அப்பா சொல்வது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

இதில் சட்டமும் இருக்கிறது. காந்தியர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றும்படி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. உங்கள் பக்கத்துக் கதையே இது. ஆனால் அந்த எட்டு பேப்பரின் பெயரில் சட்டம் என்ற சொல்லே கிடையாது. அதை நீயாகத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

வேதாரண்யம்_மெக்:
அக்கா, எங்கள் போர்வெல் 60 அடி. தெருக்கோடியில் ஒரு பழைய கிணறு, 15 அடிதான். அதில் இன்னும் குடிக்கிறார்கள்.

ட்ரிபிள்ஈ_அக்கா:
பிராஜெக்ட் கிடைத்துவிட்டதே! மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு என்றால் மாமா பக்கம் கொஞ்சம் சாய்கிறது. ஆனாலும் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதே. குட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிணறும் சேர்த்து, மூன்றிலும் மாதம் ஒருமுறை டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவு), குளோரைடு எடு. கோடையில் ஒரு மாதிரி இருக்கும், ஐப்பசி மழைக்கு அப்புறம் வேறு மாதிரி இருக்கும். குடிநீருக்கு டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. அந்த 15 அடிக் கிணற்றை முதலில் பார், குடிக்கிறார்களே.

வேதாரண்யம்_மெக்:
பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அப்பாவிடம் டிடிஎஸ் மீட்டர் வாங்கக் காசு கேட்டால், மாமாவுக்குத் தெரியாமல் வாங்கு என்கிறார்.