ஐபோனுக்கு மாறலாமா? வசதியா, பழக்கமா?

மொட்டைமாடி:
எட்டு வருடமாக ஆண்ட்ராய்டுதான். இப்போதைய போனுக்கு வயசாகிவிட்டது, காலையில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முப்பதில் வந்து நிற்கிறது. ஆபீஸில் பாதிப் பேர் ஐபோன், "அதன் அனுபவமே வேறு, ஒரு தடவை வாங்கிப் பார், திரும்ப வரமாட்டாய்" என்கிறார்கள். பட்டியல் போட்டுப் பார்த்தால் அதே விலைக்கு ஆண்ட்ராய்டில் ரேம் அதிகம், சார்ஜும் சீக்கிரம் ஏறுகிறது. அப்புறம் இந்த 'அனுபவம்' என்பது நிஜமாகவே ஒன்று இருக்கிறதா, இல்லை கொடுத்த காசுக்கு மனசைத் தேற்றிக்கொள்வதா?

பழைய பட்டன்:
இருக்கிறது. 2007இல் வந்த முதல் ஐபோனில் காப்பி பேஸ்ட்டே கிடையாது, 2009இல்தான் கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டில் முதலிலிருந்தே இருந்தது என்று நாங்கள் எல்லாம் சிரித்தோம். ஆனால் அன்றைக்கு அது நாம் டைப் செய்யும் பெட்டிக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஐபோனிலோ எழுத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினால் பூதக்கண்ணாடி வரும், இரண்டு பக்கமும் நீலப் புள்ளி, இழுத்துவிட்டால் முடிந்தது, யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே டிக்தான். அதற்காக முகப்புத் திரையில் கடிகாரம், வானிலை மாதிரி விட்ஜெட் வைக்க 2020 வரை காக்கவைத்ததை நான் மன்னிக்கவில்லை.

ஜன்னலோரம்:
அனுபவம் என்றாலே ஐபோன்தான் என்று யார் எழுதி வைத்தது? பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையில் போனை வைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து தள்ளினாலும் முந்தைய பக்கம் வந்துவிடும், 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்தே இப்படித்தான். ஐபோனில் 2025 வரை பெரும்பாலும் இடது ஓரத்திலிருந்துதான் தள்ள வேண்டியிருந்தது, பெரிய போன் என்றால் கட்டைவிரல் அங்கே எட்டவே எட்டாது, சில பக்கங்களைக் கீழே இழுத்து மூட வேண்டும், சிலவற்றுக்கு மேல் மூலையில் பொத்தான். பாட்டு ஏற்றுவதும் அப்படித்தான், கேபிளைச் சொருகி ஃபோல்டரில் இழுத்துப் போடும் சுகம் அங்கே இல்லை.

அரைகுறை:
இரண்டு பேரும் சொல்வது சரி. ஆனால் மொட்டைமாடி, நீங்கள் ஒப்பிடுவது ஆண்ட்ராய்டையா, அதன் மேல் கம்பெனிக்காரன் போர்த்திய போர்வையையா? என் பழைய போனில், பெயர் வேண்டாம், கால்குலேட்டரைத் திறந்தாலே விளம்பரம் வரும். அது ஆண்ட்ராய்டின் குணம் இல்லை. அப்டேட்டும் ஒரு காலத்தில் ஐபோனின் பலம், 2015இல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2021இல் ஐஓஎஸ் 15 (ஐபோனின் மென்பொருள்) கிடைத்தது. இப்போது ஆண்ட்ராய்டிலும் பிக்ஸல் 8, கேலக்ஸி எஸ்24 இரண்டுக்குமே 7 வருடம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் டைப் செய்யவா? ஐஓஎஸ் 7இலேயே தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் கீபோர்டுகளும் வந்துவிட்டன, அந்தக் கவலை வேண்டாம். ஒன்று கேட்கிறேன், பேட்டரியைத் தவிர உங்கள் போனில் வேறு என்ன குறை?

மொட்டைமாடி:
யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று நாளைக்குக் கடையில் கேட்கிறேன்.