எவிடென்ஸ் பேஸ்டு நர்சிங்: ‘சான்றுசார்’ என்பதைவிட ‘சான்றுதேர்’ பொருந்தும்

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். கைபேசியிலும் டேப்லெட்டிலும் ஆய்வுச் சான்றைப் பார்த்து நோயாளியைக் கவனிக்கும் செவிலியர் முறைக்குத் தமிழில் பெயர் வேண்டும் என்று நண்பர் கேட்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்துவிட்டன. வார்டில் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். இந்தச் சொற்களை வாயால் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தினமும் கிடைக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட மடல்.

> ‘சான்றுசார் செவிலியம்’ போதும். எவிடென்ஸ் என்றால் சான்று, பேஸ்டு என்றால் சார்ந்த. இதில் என்ன சிக்கல்?

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் மருத்துவமனையில் சான்று என்றால் பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, மருத்துவச் சான்று. பலகையில் இதை எழுதியதும் ஒரு மாணவி, “சர்டிபிகேட் கோர்ஸா மேடம்?” என்று கேட்டாள். ‘ஆதாரம்’ என்று மாற்றினால் ஆதார் அட்டை வந்து நிற்கிறது. இருந்தாலும் சான்றை விட்டுவிட வேண்டாம், பழகினால் சரியாகிவிடும். எனக்கு உறுத்துவது ‘சார்’ என்ற பகுதிதான். ஏன் என்று சொல்ல ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பாட்டி. இரவுப் பணியில் இருந்த மாணவி இரண்டு கையுறைகளில் தண்ணீர் நிரப்பி, வாயைக் கட்டி, பாட்டியின் குதிகால்களுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். படுக்கைப்புண் வராமல் இருக்கத்தான். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பல வருடம் அதையே சொல்லிக்கொடுத்தேன். படுக்கைப்புண் பற்றி 2014இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதலோ தண்ணீர்க் கையுறை, நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை, குளுக்கோஸ் பை எதையும் குதிகாலுக்கு அடியில் வைக்காதீர்கள் என்கிறது. குதிகாலில் சதை குறைவு, எலும்பு கூர்மை. சின்னக் கையுறையால் அங்கே விழும் அழுத்தத்தைப் பரப்ப முடியாது. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிற்கவிட வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், விறைப்பாக நீட்டினால் பின்பக்கச் சிரை அழுந்தும்.

கூட இருந்த இன்னொரு மாணவி இதைக் கைபேசியில் எடுத்துப் படித்துக் காட்டினாள். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். முறிந்த பக்கத்துக் காலைத் தூக்கித் தலையணை வைக்க இரண்டு பேர் வேண்டும், பாட்டிக்கு வலிக்கும். மாணவிகள் அவரிடமே கேட்டார்கள். “நல்ல காலுக்கு மொதல்ல வைம்மா, பாப்போம்” என்றார். அதை வைத்தார்கள். வலி மருந்து கொடுத்து அரைமணி கழித்து, எலும்பு மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு, இன்னொரு காலுக்கும் வைத்தார்கள்.

கைபேசியில் இருந்தது சான்று. அதை இந்தப் பாட்டிக்கு, இந்த ராத்திரியில், எப்படிப் பொருத்துவது என்று யோசித்தது செவிலியம். சான்றுசார் மருத்துவத்தின் முன்னோடியான மருத்துவர் டேவிட் சாக்கெட்டும் கூட்டாளிகளும் 1996இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியதும் இதைத்தான்: கிடைப்பதில் சிறந்த சான்றை மனச்சாட்சியோடும் வெளிப்படையாகவும் நிதானித்தும் பயன்படுத்த வேண்டும், சான்று ஒருபோதும் மருத்துவரின் அனுபவ அறிவுக்கு மாற்றாகாது. ‘சார்’ என்றால் சாய்ந்து நிற்பது. அதற்குப் பதில் ‘சான்றுவழி’ என்று வைத்தாலோ, சான்று முன்னே போக நாம் பின்னே போவது. நிதானித்து எடைபோடுவது இரண்டிலும் இல்லை.

அதனால் என் பரிந்துரை: சான்றுதேர் செவிலியம்.

தேர்தல் என்றால் ஆராய்ந்து கொள்ளுதல். “தேறற்க யாரையும் தேராது” என்ற குறளில் (509) இருக்கும் அதே தேர்தான். ஆராயாமல் நம்பாதே, ஆராய்ந்தபின் நம்ப வேண்டியதை நம்பு என்கிறது அந்தக் குறள். நம் வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. கோயில் தேர் நினைவுக்கு வருமே என்று யாராவது கேட்கலாம். தேர்வு, தேர்ச்சி, கைதேர்ந்த என்று பேசும் மொழியில் அது பெரிய தடையாக இருக்காது. வினையாகவும் புழங்கும்: “சான்று தேர்ந்துதான் டிரெஸ்ஸிங் மாற்றினோம்.”

> டிசிஷன் சப்போர்ட் = முடிவு ஆதரவு

நோயாளிக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கச் செவிலியருக்கு உதவும் கருவிக்கான பெயர் இது. தயவுசெய்து இது வேண்டாம். வார்டில் முடிவு என்றால் ரத்தப் பரிசோதனை முடிவு. ஐசியு வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும். தீவிர சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் கட்டிலருகே ‘முடிவு ஆதரவு’ என்று திரையில் ஒளிர்வதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ‘தீர்மானம்’ சட்டமன்றத்துக்குப் போய்விட்டது. ‘தேர்வுத்துணை’ என்றால் பத்தாம் வகுப்பு கைடு.

இலங்கை நண்பர்கள் இயல்பாகச் சொல்லும் ‘தெரிவு’ இங்கே கைகொடுக்கும். தெரிவுத்துணை. நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் பிரிட்டனின் நியூஸ் (NEWS) மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்தியது. மூச்சு, ஆக்ஸிஜன் அளவு, கூடுதல் ஆக்ஸிஜன் ஓடுகிறதா, ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் என்று ஏழையும் செவிலியர் கருவியில் பதிகிறார், கருவி கூட்டிச் சொல்கிறது. 5 வந்தால் அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரக் குழுவே வர வேண்டும். ஆனால் மூச்சை முழு நிமிடம் எண்ணுவதும், எண் குறைவாக இருந்தும் ‘இவர் முகம் சரியில்லையே’ என்று கூப்பிடுவதும் செவிலியர்தான். தெரிவு அவருடையது, கருவி துணைக்கு நிற்கிறது. சொல்லிலும் அந்த வரிசை இருக்கிறது.

பதிவுக் கருவி வேறு, தெரிவுத்துணை வேறு என்பதையும் சொல்லகராதியில் குறித்துவிடுங்கள். கிராம சுகாதார செவிலியர் டேப்லெட்டில் கர்ப்பிணியின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றினால் அது பதிவு. அந்த எண்ணைப் பார்த்து ‘இவரை இன்றே அனுப்புங்கள்’ என்று கருவி அவருக்குச் சொன்னால் அது தெரிவுத்துணை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரி, மாணவர்களின் கையடக்கக் கணினியில் உடற்பருமன், புகையிலை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான வழிகாட்டுதல்களை ஏற்றிச் சோதித்தது இந்த இரண்டாம் வகை. ஸ்மார்ட்போன் பரவலாவதற்கு முன்பே தொடங்கிய வேலை அது.

‘கையடக்கக் கருவி’ புழக்கத்தில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். இன்ஃபர்மேட்டிக்ஸுக்குத் ‘தகவலியல்’ போதும், ‘செவிலியத் தகவலியல்’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் தாதி, தாதியர் என்றுதான் சொல்கிறார்கள், அங்கே முன்னொட்டு மட்டும் மாறும். அதற்காகச் சண்டை வேண்டாம்.

கடைசியாக, எனக்கே விடை கிடைக்காத ஒன்று: பாயின்ட் ஆஃப் கேர், அதாவது நோயாளியைக் கவனிக்கும் அந்த இடம். குறள் 950 மருந்தின் நான்கு கூறுகளில் ஒருவராக ‘உழைச்செல்வான்’ என்று நோயாளியின் பக்கத்தில் நிற்பவரைச் சொல்கிறது. உழை என்றால் பக்கம், இடம். செவிலியரை மருத்துவரோடு ஒரே வரிசையில் வைத்த சொல் அது, எனக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை. ‘உழைச்சான்று’ என்று எழுதியும் பார்த்தேன். ஆனால் நான்கு மாணவிகளிடம் காட்டியபோது நான்கு பேருமே ‘உழைப்பு’ என்று படித்தார்கள். சரி என்று விட்டுவிட்டேன். இப்போதைக்குக் ‘கட்டிலருகு’ என்று வைத்திருக்கிறேன்: கட்டிலருகுச் சோதனை, கட்டிலருகுத் தெரிவுத்துணை. இது வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் கிராம செவிலியருக்குப் பொருந்தவில்லை. அங்கே கட்டில் ஏது, திண்ணையில்தான் பாய் விரித்திருப்பார்கள்.

இலங்கை வார்டுகளில் இதற்கு ஏதாவது பேச்சுவழக்கு உண்டா? அங்கே பணியாற்றும் தாதியர் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் எழுதுங்கள்.