மறு: ஹை இன்டெக்ஸ் லென்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஹை இன்டெக்ஸ் லென்ஸ், அதாவது ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) கூடிய பொருளில் செய்த மூக்குக்கண்ணாடி லென்ஸுக்குத் தமிழ்ச்சொல் தேடி இரண்டு நாளாக வந்த மடல்களை ஒரே மூச்சில் படித்தேன். எனக்குக் கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டுக்குப் பக்கம். பள்ளியில் சோடாபுட்டி என்று பெயர் வாங்கிய ஆள். அதனால் இந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> “மெல்வில்லை” என்றே வைத்துவிடலாம். கடையில் கேட்டாலும் எல்லாருக்கும் புரியும்.

புரியும் என்பதுதான் சிக்கல். இயற்பியலில் மெல்லிய லென்ஸ் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: குவியத் தூரத்தோடு ஒப்பிட்டால் தடிமனைக் கணக்கில் எடுக்க வேண்டாத லென்ஸ். பிளஸ் டூ மாணவர் குழம்புவார். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தச் சொல் லென்ஸ் தராத ஒன்றை வாக்குக் கொடுக்கிறது. மெலிவு பொருளில் மட்டும் இல்லை. பாதிக்கு மேல் ஃபிரேமில் இருக்கிறது.

உங்கள் ஃபிரேமின் காதுக்கம்பியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். 52, ஒரு சின்னக் கட்டம், 18 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது மூக்கு மேல் வரும் பாலத்தின் அகலம், இரண்டும் மில்லிமீட்டரில். கூட்டினால் 70. கண்பாவைகளுக்கு இடையே உள்ள தூரம் (கடையில் பி.டி. என்பார்கள்) 62 என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் ஒளிமையம் பாவைக்கு நேராக வர, ஒவ்வொரு பக்கமும் 4 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் தள்ள வேண்டும். ஆக, மையத்திலிருந்து காதோர விளிம்பு வரை 30 மில்லிமீட்டர்.

விளிம்பில் மையத்தைவிட எவ்வளவு தடிமன் கூடும் என்பதற்கு எளிய தோராயக் கணக்கு உண்டு. அந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பவரால் பெருக்கி, ஒளிவிலகல் எண்ணில் ஒன்று கழித்ததை 2000ஆல் பெருக்கி, அதால் வகுக்க வேண்டும். மைனஸ் எட்டுக்கு, ஒளிவிலகல் எண் 1.74 உள்ள லென்ஸில் இந்த 52-18 ஃபிரேம் சுமார் 4.9 மில்லிமீட்டர் தரும். அதே முகத்துக்கு 44-20 ஃபிரேம் எடுத்தால் விளிம்புத் தூரம் 23தான். அதில் வெறும் 1.60 போட்டாலே சுமார் 3.5. தூரம் வர்க்கமாகப் போவதால் வந்த வித்தியாசம் இது. விலைப்பட்டியலின் உச்சியில் இருக்கும் லென்ஸை வாங்கி அகலமான ஃபிரேமில் மாட்டுகிறவர், நடுத்தர லென்ஸைச் சின்ன ஃபிரேமில் மாட்டியவரிடம் தோற்கிறார். மெல்வில்லை என்று பெயர் வைத்துவிட்டு அவருக்கு இதை எப்படி விளக்குவது?

> பாடநூலில் அடர்மிகு ஊடகம், அடர்குறை ஊடகம் என்றுதானே படித்தோம்? “அடர்வில்லை” சரியாக வருமே.

ஒளியியலுக்குச் சரி, மூக்குக்குச் சரியில்லை. அடர் என்றதும் எடைதான் நினைவுக்கு வரும். வழக்கமான பிளாஸ்டிக்கான சி.ஆர்-39 ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.32 கிராம். 1.60 லென்ஸுக்கான பொருள் ஒன்று ஏறக்குறைய 1.30. பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் 1.59, அடர்த்தி 1.20 மட்டுமே. 1.74க்கு வந்தால்தான் 1.47 என்று ஏறுகிறது. ஒளியடர்வும் பொருளடர்வும் கைகோத்துப் போவதில்லை.

> இலங்கையில் முறிவுச் சுட்டி என்கிறோம். “உயர்முறிவு வில்லை” என்றால் இலக்கணமும் பொருந்தும்.

இதை எழுதிய டீச்சர் சொல்வது இலக்கணப்படி சுத்தம். வில்லை என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கும், ஆனால் இங்கே வில்லை என்றால் பாதிப் பேர் சூடத்தையோ மாத்திரையையோ நினைப்பார்கள். முறிவு என்றால் மாவுக்கட்டு! அது ஊர்ப் பழக்கம்தான், நாளடைவில் மாறலாம். என் தயக்கம் ‘உயர்’ மேல். எங்கிருந்து உயர்வு? 1.60ஐ நடுத்தரம் என்பாரும் உண்டு, ஹை இன்டெக்ஸ் என்று விற்பாரும் உண்டு. அந்த அடைமொழி விற்பவருக்கு வசதி, வாங்குபவருக்கு அல்ல.

அதனால் என் முன்மொழிவு: ஹை இன்டெக்ஸுக்குத் தனிப்பெயரே வேண்டாம். எண்ணுக்குப் பெயர் வைப்போம். ஒளிவிலகல் எண் என்பது பேச்சில் நீளம். அதைச் சுருக்கி விலகெண் என்போம். “இந்த லென்ஸின் விலகெண் என்ன?” “1.67 விலகெண்ணில் போடுங்கள்.” பில்லிலும் எழுதலாம், வாயிலும் நிற்கும். பொதுவாகப் பேசும்போது தேவைப்பட்டால் ‘விலகெண் கூடிய லென்ஸ்’. இலங்கை வழக்குக்கு முறிவுச் சுட்டியைப் பக்கத்திலேயே பதிவு செய்துவிடலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

> அபே எண்ணை “நிறப்பிரிகை எண்” எனலாமா?

இதில்தான் கவனம் வேண்டும். ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸோடு வேலை செய்த எர்ன்ஸ்ட் அபே பெயரால் வழங்கும் இந்த எண் கூடக் கூட, நிறம் பிரிவது குறையும். சி.ஆர்-39க்கு 58, 1.60க்கு 41 அளவில், 1.67க்கு 32 அளவில், பாலிகார்பனேட்டுக்கு 30. நிறப்பிரிகை எண் 58 என்று எழுதினால் படிப்பவர் அதுதான் மோசம் என்று எடுத்துக்கொள்வார். தலைகீழ்.

பவர் அதிகமானவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. மைனஸ் எட்டில் லென்ஸின் மையத்திலிருந்து 15 மில்லிமீட்டர் விலகிப் பார்த்தால், அந்த இடம் 12 பட்டக டயாப்டர் அளவுள்ள ஒரு பட்டகம் (பிரிசம்) போல் வேலை செய்யும். அதை அபே எண்ணால் வகுத்தால் நிறம் எவ்வளவு பிரியும் என்று வரும்: 58க்கு 0.2, 32க்கு கிட்டத்தட்ட 0.38. 1.67க்கு மாறிய முதல் வாரம் நான் தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் டியூப்லைட்டைப் பார்த்தால் ஒரு விளிம்பில் நீலம், மறு விளிம்பில் மஞ்சள். பவர் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் பலர். கடையிலோ இந்த எண்ணை யாரும் வாயால் சொல்வதே இல்லை.

நிறவடக்க எண் என்பது என் யோசனை. எண் பெரிதானால் நிறம் அடங்கியிருக்கிறது என்று பொருள் நேராக வரும். பிடிக்காவிட்டால், பவரின் அலகான டயாப்டரை அப்படியே வைத்திருப்பதுபோல் அபே எண்ணையும் வைத்துக்கொள்வோம். நிறப்பிரிகை எண் மட்டும் வேண்டாம்.

> ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங்குக்கும் ஒரு சொல்?

எதிரொளி தடுப்புப் பூச்சு. இதில் பெரிய விவாதம் இல்லை என்று நினைக்கிறேன். பதிவில் ஒரு வரி மட்டும் சேருங்கள்: விலகெண் ஏற ஏற எதிரொளிப்பும் ஏறும். 1.50 லென்ஸின் ஒரு பரப்பில் 4 விழுக்காடு ஒளி திரும்புகிறது, 1.74இல் 7 விழுக்காட்டுக்கு மேல். அந்த லென்ஸுக்கு இந்தப் பூச்சு விருப்பத் தேர்வே அல்ல.

சரி, அஸ்பெரிக் (பரப்பு முழுக்கோளத்தின் வளைவாக இல்லாத லென்ஸ்) பாக்கி இருக்கிறது. ‘கோளமல்லா’ என்று ஒருவர் எழுதியிருந்தார், ‘கோளமிலி’ என்று இன்னொருவர். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், இதற்குள் போட்டால் காணாமல் போய்விடும். விலகெண்ணுக்கு மறுப்பு இருந்தால் மட்டும் இங்கேயே எழுதுங்கள்.