ஓஎஸ்பிஎஃப்: காஸ்ட் மாற்றிய பின்பும் பாதி டிராஃபிக் ரேடியோ வழியாகவே போகிறது

அம்பைக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இணைய இணைப்பு வழங்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் ஐபி முகவரிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார். எந்த வழிக்கு ஏன் முன்னுரிமை என்ற விவரம் அதில் ஒரு வரிகூட இல்லை.

பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, அம்பை, முக்கூடல் என நான்கு ரவுட்டர்கள் இருக்கின்றன. நான்கும் சிஸ்கோ. வழிகளை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை ஓடுகிறது; அதில் நான்கும் ஏரியா 0 என்ற ஒரே பிரிவு. வெளி இணையம் பாளையங்கோட்டையில்தான் வந்து சேர்கிறது. அங்கிருந்து தென்கரையோடு சேரன்மகாதேவிக்கும், பிறகு கல்லிடைக்குறிச்சிப் பாலத்தைக் கடந்து அம்பைக்கும் ஃபைபர் வருகிறது. இரண்டு துண்டுகளும் 1 ஜிபிபிஎஸ். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஃபைபர் அறுந்து நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, வடகரையில் முக்கூடல் டவர் வழியாக ஒரு ரேடியோ பாதையையும் முதலாளி போட்டுக்கொடுத்தார். முக்கூடல் வாடிக்கையாளர்களுக்கு ரேடியோதான் முதன்மை வழி. அம்பைக்கு அது ஃபைபர் அறுந்தால் மட்டும் கைகொடுக்க வேண்டிய வழி.

ஓஎஸ்பிஎஃப் ஒவ்வொரு வழியின் காஸ்ட்டையும் கூட்டி, குறைந்த மொத்தம் உள்ள வழியைத்தான் எடுக்கும். ஆனால் எல்லா போர்ட்டிலும் காஸ்ட் 1 என்று இருந்ததால், அம்பை டிராஃபிக் இரண்டு வழியிலும் பாதிப் பாதியாகப் பிரிந்து, மாலை ஏழு மணிக்கு மேல் ரேடியோ திணறிப் போனது. ஆகவே பாளையங்கோட்டையில் ரேடியோ செருகியிருக்கும் போர்ட்டில் காஸ்ட்டை 100 ஆக மாற்றினேன். டவுன்லோடு முழுவதும் ஃபைபருக்கு வந்துவிட்டது. அப்லோடு மட்டும் இன்னும் பாதி ரேடியோவிலேயே போகிறது. சிசிடிவி படங்களை வெளியே அனுப்பும் கடைக்காரர்கள் தினமும் கூப்பிடுகிறார்கள். இதற்கிடையில் முக்கூடல் வாடிக்கையாளர்களும் இணையம் முன்னைவிட மந்தமாகிவிட்டது என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் எதையுமே தொடவில்லை.

அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸை 90 ஆகக் குறைத்தும் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. எங்கே தவறு செய்கிறேன் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


கொக்கிரகுளத்தான்:

வணக்கம் தம்பி. நீங்கள் சொல்லும் இரண்டு புகார்களுக்கும் காரணம் ஒன்றுதான். ஓஎஸ்பிஎஃப்பில் காஸ்ட் என்பது லிங்க்கின் விலை அன்று. ஒரு ரவுட்டர் தன்னுடைய போர்ட் வழியாக வெளியே அனுப்புவதற்குப் போட்டுக்கொள்ளும் விலை. 1998-இல் வெளியான, ஓஎஸ்பிஎஃப்பை வரையறுக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 2328-இலும் காஸ்ட் இன்டர்ஃபேஸின் (போர்ட்டின்) வெளிச்செல்லும் பக்கத்திற்கு உரியது என்றே வரையறுத்திருக்கிறார்கள். அம்பையில் பஸ் ஏறுகிறவர் சேரன்மகாதேவி வழியாக வருவதா, முக்கூடல் சுற்றி வருவதா என்பதை, பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் முடிவு செய்ய முடியுமா? பாளையங்கோட்டையில் 100 என்று போட்டதால், அங்கிருந்து ரேடியோவில் வெளியே போவது மட்டும்தான் விலை கூடியது. அம்பையில் இருந்து பார்த்தால் ஃபைபர் வழி 1+1, ரேடியோ வழியும் 1+1. சம விலை இருந்தால் சிஸ்கோ இயல்பாகவே நான்கு வழிகள் வரை பங்கிட்டு அனுப்பும் என்பதால், அப்லோடில் பாதி ரேடியோவுக்குப் போகிறது.

முக்கூடல் கதை இன்னும் சுவையானது. பாளையங்கோட்டையில் இருந்து முக்கூடலுக்கு நேர் வழி இப்போது 100. சேரன்மகாதேவி, அம்பை சுற்றி முக்கூடலுக்கு வந்தால் 1+1+1, அதாவது 3. ஆகவே முக்கூடலுக்கு வரும் டவுன்லோடு முழுவதும் ஆற்றைச் சுற்றிக்கொண்டு அம்பை ரேடியோ வழியாக வருகிறது. அவர்களுடைய அப்லோடு மட்டும் நேரே போகிறது. டவரின் அடியில் லேப்டாப்பை வைத்து இரண்டு பக்கத்தில் இருந்தும் ட்ரேஸ்ரூட் (பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை) எடுத்துப் பாருங்கள். போகும்போது ஒரு எட்டில் (ஹாப், அதாவது ஒரு ரவுட்டரில் இருந்து அடுத்ததற்கு ஒரு தாவல்) பாளையங்கோட்டை வந்துவிடும். அங்கிருந்து திரும்பி எடுத்தால் மூன்று எட்டு ஆகும். ஒரு பக்கத்து ட்ரேஸ்ரூட்டை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள் நம்மில் பலர், நானும் அதில் ஒருவன்.

டிஸ்டன்ஸை முதலில் பழைய 110-க்கே திருப்பி வைத்துவிடுங்கள். ஒரே முகவரிக்கு ஸ்டாட்டிக், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி என வெவ்வேறு இடங்களில் இருந்து வழி கிடைக்கும்போது, எதை நம்புவது என்று அந்த ஒரு ரவுட்டர் மட்டும் தனக்குள் பார்த்துக்கொள்ளும் எண் அது. ஓஎஸ்பிஎஃப்புக்கு உள்ளேயே இருக்கும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் அதற்கு வேலை இல்லை.

அடுத்து, எல்லாம் 1 என்று ஏன் வந்தது என்பதைப் பார்ப்போம். சிஸ்கோவில் ரெஃபரன்ஸ் பேண்ட்வித் இயல்பாக 100 எம்பிபிஎஸ்; அதைப் போர்ட்டின் வேகத்தால் வகுத்தால் காஸ்ட் வரும். 10 எம்பிபிஎஸ் போர்ட்டுக்கு 10, 100 எம்பிபிஎஸ் போர்ட்டுக்கு 1. அந்தக் காலத்தில் 100 எம்பிபிஎஸ் பெரிய வேகமாக இருந்ததால் இந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. 1 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ் எல்லாம் வந்த பிறகும் ஒன்றுக்குக் கீழே இறங்க முடியாது என்பதால் அவையும் 1 என்றே நிற்கின்றன. அதோடு, உங்கள் ரேடியோ கிகாபிட் போர்ட்டில்தான் செருகியிருக்கும். அந்தப் போர்ட்டுக்குத் தெரிந்தது ரவுட்டருக்கும் டவர் மேலே இருக்கும் ரேடியோவுக்கும் இடையே ஓடும் ஈதர்நெட் கேபிள் மட்டுமே. காற்றில் எவ்வளவு போகிறது என்று அதற்குத் தெரியாது. எனவே ரெஃபரன்ஸை உயர்த்தினாலும் ரேடியோவுக்கு எண்ணை நீங்கள்தான் கையால் கொடுக்க வேண்டும்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். நான்கு ரவுட்டர்களிலும் "ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 100000" என்று கொடுத்துவிட வேண்டும். அதன் அலகு எம்பிபிஎஸ். ஆகவே 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் போர்ட் ஒவ்வொன்றும் 100 ஆகிவிடும், நாளைக்கு 10 ஜிபிபிஎஸ் வந்தால் அது 10 ஆகும். ஒரு ரவுட்டரை விட்டுவிட்டால் அது மட்டும் பழைய கணக்கில் 1 என்று விளம்பரம் செய்துகொண்டிருக்கும். அதுவே அடுத்த புகாருக்கு விதை. ரேடியோ லிங்க் உண்மையில் 200 எம்பிபிஎஸ் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் இரு முனைகளிலும் "ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 500". சிலர் போர்ட்டில் பேண்ட்வித் எண்ணை மாற்றி இதையே சாதிப்பார்கள். எந்த டிராஃபிக்குக்கு எவ்வளவு இடம் என்று பங்கிடும் க்யூஓஎஸ் கணக்கும் அந்த எண்ணை எடுத்துக்கொள்வதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். பாளையங்கோட்டைக்கும் அம்பைக்கும் இடையே ஃபைபர் வழி 200, ரேடியோ வழி 1000, இரண்டு திசையிலும் அதே எண்கள். பாளையங்கோட்டையில் இருந்து முக்கூடலுக்கு நேரே 500, சுற்றி வந்தால் 700. ஃபைபர் அறுந்தால் அம்பை ரேடியோவுக்கு வரும். முக்கூடல் ரேடியோ விழுந்தால் முக்கூடல் அம்பை வழியாக வரும்.

காஸ்ட்டை மாற்றினால் அண்டை ரவுட்டரோடு உள்ள உறவு அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஹலோ (உயிரோடு இருப்பதாக அண்டை ரவுட்டருக்கு அனுப்பும் செய்தி) நேரம், ஏரியா எண் போன்றவை பொருந்தாவிட்டால்தான் உறவு நிற்காது. காஸ்ட் இரு முனையிலும் வேறாக இருந்தாலும் ஓஎஸ்பிஎஃப் கண்டுகொள்ளாது. இந்தத் தவறு சத்தமில்லாமல் மாதக்கணக்கில் கிடப்பதற்கும் அதுவே காரணம். ஆனாலும் நான்கு ரவுட்டர்களையும் மாற்றி முடிப்பதற்குள் வழிகள் அங்கும் இங்கும் தாவும். ஆகவே இரவு இரண்டு மணிக்கு மேல் செய்யுங்கள்.


அம்பைக்காரன்:

மிக்க நன்றி அண்ணாச்சி. நீங்கள் சொன்னபடியே ட்ரேஸ்ரூட் எடுத்தேன். போகும்போது ஒரு எட்டு, பாளையங்கோட்டையில் இருந்து வரும்போது மூன்று எட்டு.

ஒரு சந்தேகம். இரண்டு ரேடியோவும் ஒரே அளவு இல்லை. பாளையங்கோட்டை–முக்கூடல் ரேடியோ 150 எம்பிபிஎஸ்தான் தாங்குகிறது. முக்கூடல்–அம்பை ரேடியோ புதியது, 300 வரை போகிறது. உங்கள் கணக்குப்படி முதலாவதற்கு 666, இரண்டாவதற்கு 333 என்று வருகிறது. அப்படிப் போட்டால் முக்கூடலுக்கு நேர் வழி 666, ஃபைபரில் சுற்றி வருவது 100+100+333, அதாவது 533. மறுபடியும் முக்கூடல் சுற்றுகிறதே?


கொக்கிரகுளத்தான்:

நல்ல கேள்வி. உங்களைப் போன்ற வளையத்தில் இரண்டு ரேடியோக்களின் காஸ்ட் வித்தியாசம் ஃபைபர் வழியின் மொத்தத்தைத் தாண்டினால், முக்கூடல் சுற்று வழியைப் பிடிக்கும். இங்கே வித்தியாசம் 333, ஃபைபர் 200. ஆனால் இந்த முறை சுற்றுவதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். முன்பு வரவு ஒரு வழி, செலவு ஒரு வழி என்று இருந்தது. இப்போது முக்கூடலில் இருந்து பார்த்தாலும் 333+200, அதே 533 வருவதால் இரண்டு திசையும் ஒரே பாதையில் நிற்கும். அதோடு 150-க்குப் பதிலாக 300 எம்பிபிஎஸ் ரேடியோ முக்கூடலுக்குக் கிடைக்கும். இரண்டு எட்டு கூடினால் சில மில்லி விநாடிதான் வித்தியாசம்.

அம்பைப் பக்கத்து ஃபைபர் மாலையில் எவ்வளவு நிறைகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதில் இடம் இருந்தால் கணக்கு காட்டிய எண்களையே போடலாம். இல்லை, முக்கூடல் நேரேதான் போக வேண்டும் என்றால் இரண்டு ரேடியோவுக்கும் 500 என்று போட்டுவிடுங்கள். வகுத்து வந்த எண்ணையே வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1 முதல் 65535 வரை நம் விருப்பம். எதை வைத்தாலும் காரணத்தை அந்த நோட்டில் எழுதி வையுங்கள்.


வள்ளியூர் காற்று:

அண்ணாச்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் இரண்டு அனுபவங்களை மட்டும் சேர்க்கிறேன்.

நான் முன்பு இருந்த இடத்தில் திசையன்விளைக்கு ஃபைபர் ஏரியா 0-இலும், ரேடியோ ஏரியா 1-இலும் இருந்தன. திசையன்விளை வாடிக்கையாளர்களின் முகவரிகளும் ஏரியா 1-இல்தான். ரேடியோவின் காஸ்ட்டை 60000 வரை ஏற்றிப் பார்த்தேன். டிராஃபிக் ரேடியோவை விட்டு அசையவே இல்லை. ஓஎஸ்பிஎஃப் முதலில் வழியின் இனத்தைத்தான் பார்க்கும்: ஒரே ஏரியாவுக்குள் உள்ள வழி, பிறகு ஏரியா தாண்டும் வழி, பிறகு ஓஎஸ்பிஎஃப்புக்கு வெளியில் இருந்து வரும் வழிகளில் இ1 வகை, கடைசியில் இ2 வகை. இனம் ஒன்றாக இருந்தால்தான் காஸ்ட்டை ஒப்பிடும். இதைப் புரிந்துகொள்வதற்குள் ஒரு முழு இரவு போயிற்று. ரேடியோவையும் அந்த முகவரிகளையும் ஏரியா 0-க்கு மாற்றிய மறு நிமிடம் ஃபைபருக்கு வந்துவிட்டது. நண்பருக்கு எல்லாம் ஏரியா 0 என்பதால் இப்போது இந்தத் தொல்லை இல்லை. பின்னால் தென்காசிப் பக்கம் நீட்டும்போது புதிய ஏரியா ஒன்றைத் தொடங்கும் ஆசை வந்தால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, முன்னுரிமையைச் சரியாக வைத்தாலும், முதல் வழி செத்துவிட்டது என்று ரவுட்டருக்குத் தெரிந்தால்தான் அது இரண்டாவதற்கு மாறும். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது டிஷ் திரும்பிவிடும். காற்றில் லிங்க் போய்விட்டாலும் ரவுட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே உள்ள கேபிள் நன்றாக இருப்பதால் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஹலோ 10 விநாடிக்கு ஒன்று, 40 விநாடி வராவிட்டால்தான் அண்டை ரவுட்டர் இறந்ததாகக் கணக்கு. அந்த 40 விநாடியும் டிராஃபிக் கிணற்றில் கொட்டிய மாதிரிதான். உங்கள் ஃபைபருக்கும் ரவுட்டருக்கும் நடுவே சுவிட்ச் ஏதாவது இருந்தால் அங்கேயும் இதே கதைதான். ஃபைபர் பக்கம் பிஎஃப்டி (லிங்க் செத்ததைச் சீக்கிரமே கண்டுபிடிக்கும் நெறிமுறை) போட்டுக்கொள்ளுங்கள். ரேடியோவில் அதை ஒரு விநாடிக்குக் கீழே இறக்க வேண்டாம். நாலு பாக்கெட் தொலைந்தாலே லிங்க் விழுந்து விழுந்து எழும்பும்.


பேட்டை மாணவன்:

எங்களிடம் மைக்ரோடிக் ரவுட்டர்களும் கலந்து இருக்கின்றன. அவற்றில் போர்ட்டின் வேகத்தைப் பார்த்து காஸ்ட் போடும் வழக்கமே இல்லை. அவற்றின் மென்பொருளின் 6-ஆம் பதிப்பில் எல்லா போர்ட்டுக்கும் இயல்பாக 10. பிற்காலத்தில் நண்பர் ஒன்றைச் சேர்த்தால் அதற்கும் கையாலேயே எண் கொடுக்க வேண்டும்.

எனக்கும் ஒரு கேள்வி: சேரன்மகாதேவியில் பேட்டரி மாற்றப் போகும்போது நான்கு போர்ட்டிலும் காஸ்ட்டை ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக எளிய வழி ஏதும் இருக்கிறதா?


கொக்கிரகுளத்தான்:

இருக்கிறது. சேரன்மகாதேவி ரவுட்டரில் மட்டும் "மேக்ஸ்-மெட்ரிக் ரவுட்டர்-எல்எஸ்ஏ" என்று கொடுத்தால், அது மற்ற ரவுட்டர்களோடு சேரும் தன் லிங்க்குகள் அனைத்தையும் 65535 என்று அறிவித்துவிடும். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6987 இதைப் பற்றியதுதான். பாளையங்கோட்டையில் இருந்து அம்பைக்கு அந்த வழி 100+65535 என்று ஆகிவிடுவதால், டிராஃபிக் தானாக ரேடியோவுக்கு ஒதுங்கும். சேரன்மகாதேவியின் சொந்த வாடிக்கையாளர்களுக்கு, நீங்கள் மின்சாரத்தைப் பிடுங்கும் வரை இணைப்பு இருக்கும். ரேடியோவில் 150 எம்பிபிஎஸ்தான் இருக்கிறது என்பதை மறந்து பட்டப்பகலில் செய்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.


அம்பைக்காரன்:

நேற்று இரவு இரண்டரை மணிக்கு நான்கு ரவுட்டர்களிலும் ரெஃபரன்ஸை மாற்றி, ரேடியோக்களுக்கு 666, 333 என்று இரு முனைகளிலும் போட்டேன். டிஸ்டன்ஸும் 110-க்குத் திரும்பிவிட்டது. அம்பையில் இருந்து எடுத்தாலும் பாளையங்கோட்டையில் இருந்து எடுத்தாலும் ட்ரேஸ்ரூட்டில் சேரன்மகாதேவிதான் நடுவில் வருகிறது. முக்கூடல் இரண்டு பக்கமும் ஃபைபரைச் சுற்றுகிறது. இன்று மாலை எட்டு மணிக்கு அம்பை ஃபைபரில் இன்னும் பாதிக்கு மேல் இடம் இருந்ததால் அப்படியே விட்டிருக்கிறேன். சேரன்மகாதேவி ஃபைபர் கேபிளை ஐந்து நிமிடம் பிடுங்கிப் பார்த்தேன். ரேடியோவுக்கு மாறுவதற்கு வள்ளியூர் நண்பர் சொன்ன அதே நாற்பது விநாடி ஆனது. நடுவில் ஒரு சுவிட்ச் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பிஎஃப்டியை அடுத்த வாரம் போடுகிறேன்.