மிச்சமாகும் இணையத்தைப் பகிர்ந்து கிரிப்டோ ஈட்டியவர்கள்: மறக்க முடியாத சம்பவம் எது?

தனிவழி

நம் வீட்டு இணைப்பின் வழியாக வேறு நிறுவனங்கள் தளங்களைப் பார்க்க விடும் செயலியை நிறுவுவது, அதற்குப் புள்ளி சேர்வது, அது டோக்கன் என்ற கிரிப்டோ நாணயம் ஆவது எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஓர் இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ரவுட்டரின் விளக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. வீட்டு இணைப்பிலிருந்து எந்தெந்தத் தளங்களைத் தேடுகிறார்கள் என்று காட்டும் டிஎன்எஸ் பதிவேட்டைத் திறந்தேன். ஒரே விமான டிக்கெட் தளத்தின் பெயர் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவே காலணி விற்கும் தளம் ஒன்று, பிறகு எந்த மொழி என்றே பிடிபடாத ஒரு பெயர், மறுபடியும் விமான டிக்கெட். நான் எங்கும் பறப்பதாக இல்லை. இணையத்தில் என் வீட்டை அடையாளம் காட்டும் ஐபி முகவரியில் நின்றுகொண்டு வேறு யாரோ விலை விசாரிக்கிறார். 'சந்தை ஆய்வு' என்று நிறுவனத்தின் பக்கத்தில் படித்தபோது எதுவும் தோன்றவில்லை. கண்ணெதிரே ஓடியபோது அப்படி இல்லை. அந்த யாரோ யார் என்பது இன்றும் உறுத்துகிறது.

மேகலை

எங்கள் வீட்டில் செயலியை ஓட்டியவர் என் கணவர், அனுபவித்தவள் நான். ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நான் மனிதர்தானா என்று சோதிக்கும் பக்கம் வந்து, 'போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது. தேர்ந்தெடுத்தேன். அடுத்து மிதிவண்டி. அதற்கடுத்து படிக்கட்டு. மீண்டும் விளக்கு. கம்பத்தின் நுனி பக்கத்துக் கட்டத்துக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சொடுக்க வேண்டுமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் காலாவதியாகிவிட்டது. கைப்பேசியின் டேட்டாவுக்கு மாறினேன். ஒரு கேள்வியும் இல்லாமல் உள்ளே விட்டது. எங்கள் ஐபி முகவரியின் பெயர் கெட்டுப்போயிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அவரிடம் சொன்னால், "இந்த மாதம் புள்ளி நன்றாக ஏறியிருக்கிறதே" என்கிறார்.

கணக்குப்பிள்ளை

தனிவழி அவர்களே, விலை விசாரிப்பதில் என்ன குற்றம்? நிறுவனங்களின் கணினிகள் குவிந்திருக்கும் தரவு மையத்திலிருந்து வருபவனைத் தளங்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன, அல்லது வேறு விலையைக் காட்டுகின்றன. வீட்டு இணைப்பிலிருந்து வருபவனை மனிதன் என்று நம்புகின்றன. நம்மிடம் அவர்கள் வாங்குவது வேகத்தை அல்ல, அந்த நம்பிக்கையை. தெரிந்துதான் விற்கிறேன்.

என் சம்பவம் 2024 அக்டோபர். இப்படி இணைப்பைப் பகிரும் கிராஸ் வலையமைப்பின் டோக்கன், சொலானா என்ற பிளாக்செயினில் வெளியான நாள். உலாவி நீட்சியில் வெறும் எண்ணாகக் கிடந்த புள்ளிகளுக்கு அன்று விலை வந்தது. பெற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்துகிறேன். வட்டம் சுழல்கிறது, டோக்கனை வைக்கும் வாலெட் செயலியின் கையொப்பம் கேட்கும் சாளரம் வரவே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிக்கிறார்கள். ஒருவழியாக வந்தது, வந்த கையோடு விற்றேன். பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, அது உண்மையிலேயே பணமா?" என்றாள். அதுவரை என்னைப் பற்றி என்ன நினைத்திருந்தாள் என்று கேட்கவில்லை.

அரைக்காசு

கணக்குப்பிள்ளைக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்காது. நான் சேர்ந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் எடுக்க முடியும் என்பது விதி. பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்து, வலது ஓரத்தில் ஒரு நூலளவு வெள்ளை மட்டும் பாக்கி இருந்தது. அன்று காலை திறந்தால் பட்டையே இல்லை. 'விதிமீறல் காரணமாகக் கணக்கு முடக்கப்பட்டது' என்று ஒரு வரி. எந்த விதி என்று எழுதிக் கேட்டேன். 'உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது' என்று இயந்திரம் பதில் அனுப்பியது. அந்த நூலளவு வெள்ளைதான் கண்ணிலேயே நிற்கிறது.

கம்பிவடம்

வலையமைப்புப் பராமரிப்பு என் தொழில். ஒரு வாடிக்கையாளரின் வீட்டில் இணையம் மந்தமாக இருக்கிறது என்று போனேன். பையன் இப்படிப்பட்ட செயலி ஒன்றை வைத்திருந்தான், பதிவேற்றம் முழுவதையும் அது விழுங்கிக்கொண்டிருந்தது. என் கதை இவ்வளவுதான்.

ஆனால் கணக்குப்பிள்ளை சொல்வதை அப்படியே விட முடியாது. விலை விசாரிப்பவர் மட்டும்தான் வருகிறார் என்று எப்படித் தெரியும்? 2015-இல் ஹோலா என்ற இலவச விபிஎன் (நம் முகவரியை மறைத்து இணையம் பார்க்க உதவும் செயலி) விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் பயனர்களின் இணைப்புகளை லூமினாட்டி என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு தளத்தைத் தாக்க அந்த இணைப்புகள் பயன்பட்ட பிறகுதான் பலருக்கும் விஷயமே தெரிந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை பிறர் கணினிகளைக் கள்ளத்தனமாகச் சேர்த்து வாடகைக்கு விட்ட 911 எஸ்5 வலையை முடக்கியது. அதில் சிக்கியிருந்த ஐபி முகவரிகள் 1.9 கோடிக்கும் மேல். இலவச விபிஎன் என்று நம்பி நிறுவியவர்களின் கணினிகள் பல அதில் இருந்தன. மோசடிக்காரர்கள் அவற்றின் வழியாக வந்துபோனார்கள். அந்தக் கணினிக்காரர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, நம்மிடம் கேட்கிறார்கள், உண்மைதான். ஆனால் வெளியே தெரிவது இரண்டிலும் வீட்டுக்காரரின் முகவரிதான். விசாரிக்க வருபவர்கள் முதலில் தட்டுவதும் அந்தக் கதவைத்தான்.

எனவே முதலில் உங்கள் இணைய ஒப்பந்தத்தைப் படியுங்கள். இணைப்பை மறுவிற்பனை செய்யக் கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. ஒரே ஐபியில் இரண்டு கருவிகளை ஓட்டாதீர்கள், அரைக்காசு அவர்களின் கணக்கு அதனால்கூடப் போயிருக்கலாம். செயலியை ரவுட்டரின் விருந்தினர் வலையமைப்பில், மற்ற கருவிகளிலிருந்து தனியாக வையுங்கள். ஆனால் ஐபியின் பெயர் கெடுவதை அது தடுக்காது. டோக்கன் வாங்கத் தனி வாலெட் வையுங்கள், சேமிப்பு இருக்கும் வாலெட்டை எந்தத் தளத்தோடும் இணைக்காதீர்கள். வாலெட்டை மீட்டுத் திறக்கும் மீட்புச் சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர். எடுக்கும் கட்டணத்தையும் மின்சாரத்தையும் கழித்த பிறகு

மேகலை

கம்பிவடம் அவர்களே, தலைப்பு 'சம்பவம்'. பதிவும் பாதியில் நிற்கிறது.

கம்பிவடம்

கைப்பேசியில் எழுதினேன், அழுத்திவிட்டேன். மீதியைத் தனியாக எழுதுகிறேன்.

அரைக்காசு

ஒரே ஒரு கருவிதான் ஓட்டினேன் ஐயா. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கணக்குப்பிள்ளை

தனிவழி சொன்ன பதிவேட்டை நேற்று நானும் திறந்து பார்த்தேன். விமானம் எதுவும் இல்லை. வேலைவாய்ப்புத் தளங்கள், ஒன்று விடாமல். எவரோ விளம்பரங்களை மொத்தமாக அள்ளுகிறார் போலும். இடையே ஒரு வங்கியின் உள்நுழைவுத் தளத்தின் பெயர் வந்தது. அது நாங்கள் யாரும் கணக்கு வைத்திருக்கும் வங்கி அல்ல. இதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று யாராவது சொல்லுங்கள். கம்பிவடம் தவிர வேறு யாராவது. செயலியை இன்னும் நிறுத்தவில்லை.