மெத்தில் புரோமைடு நீரில் எவ்வாறு சிதைகிறது?

மண்புழு (கேள்வி):
நெதர்லாந்தின் வெஸ்ட்லாந்து பகுதியில், பசுங்கூடங்களின் மண்ணிலுள்ள பூச்சிகளையும் கிருமிகளையும் கொல்ல மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டிய பின்னர் நிறைய நீர் பாய்ச்சி மண்ணைக் கழுவுவது வழக்கமாக இருந்தது என்றும், 1992-க்குள் அந்நாட்டில் மண் புகையூட்டலே கைவிடப்பட்டது என்றும், நிலத்தடி நீர் குறித்த அச்சம் அதற்கு ஒரு காரணம் என்றும் படித்தேன். 3.6 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் வாயு நீரில் தங்குமா? தங்கினால் என்னவாகச் சிதைகிறது? சுண்ணாம்பு இட்டு பி.எச். அளவை (காரத்தன்மையை) உயர்த்தினால் விரைவில் அழியுமா?

கரைசல்:
தங்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம் வரை கரையக்கூடியது அது. கரைந்த பின் நீர் மூலக்கூறு கார்பனைத் தாக்கிப் புரோமைடை வெளியேற்றுவதால் மெத்தனாலும் ஹைட்ரோபுரோமிக் அமிலமும் உண்டாகின்றன. 25 டிகிரியில் இந்த நீராற்பகுப்பின் அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 20 நாள்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அது ஏறத்தாழ நான்கு மடங்காக நீளும். தாங்கள் கேட்ட சுண்ணாம்பு வழி பயன் தராது. பி.எச். உயர உயரப் பெருகும் ஹைட்ராக்சைடு அயனி நீரைவிட வலிமையாகத் தாக்கும் என்றாலும், பி.எச். 8 அளவில் அதன் செறிவு மிகக் குறைவு என்பதால், பி.எச். 11-ஐ நெருங்கும்வரை வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது.

ஏரிக்கரை:
மேலே சொன்ன 20 நாள் மூடிய குடுவைக்கே பொருந்தும். ஆழமில்லாத ஓடும் வாய்க்காலில், சிதைவதற்கு முன்பே பெரும்பகுதி காற்றில் கலந்துவிடும். காற்றுப் படாத, குளிர்ந்த நிலத்தடி நீர்தான் கவலைக்குரியது. மேலும், மண்ணைக் கழுவி வரும் நீரில் காணப்படும் புரோமைடு, பெரும்பாலும் மண்ணின் கரிமப் பொருளோடு வாயு வினைபுரிந்ததால் விளைந்தது; ஆகவே புரோமைடு மிகுந்திருப்பதைக் கொண்டு வாயுவும் மிகுந்திருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு.

மண்புழு:
நன்றி ஐயா. வாய்க்கால் நீர் கடலைச் சேர்ந்தால்?

கரைசல்:
கடல்நீரில் குளோரைடு மிகுதி என்பதால், அதுவே முந்திக்கொண்டு புரோமைடின் இடத்தைப் பிடித்து மெத்தில் குளோரைடை உருவாக்குகிறது. ஆகவே அங்கே சிதைவு நன்னீரைவிடப் பல மடங்கு விரைவு. வெதுவெதுப்பான கடலில் சில நாள்களே போதும். இதில் பாக்டீரியாக்களுக்கும் பங்குண்டு. ஆயினும் மெத்தில் புரோமைடைப் போலவே மெத்தில் குளோரைடும் வளிமண்டல ஓசோன் படலத்தைத் தாக்கும் வாயுவே.

ஏரிக்கரை:
எஞ்சும் புரோமைடு அயனி மேற்கொண்டு சிதையாது. அந்நீரைக் குடிநீராக்க ஓசோனேற்றம் செய்தால் (ஓசோன் வாயுவைச் செலுத்திக் கிருமி நீக்கினால்) அதிலிருந்து புற்றுநோய் ஐயத்துக்குரிய புரோமேட் உருவாகலாம் என்பதால், சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனேற்றத்துக்கு முன்பே புரோமைடின் அளவைப் பார்க்க வேண்டும்.